அண்ணி தொட்ட ஆறு இடங்கள்

என் அண்ணிக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர் மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டுக்கு அந்தப் பெயர். அதை வைத்தது நான்தான் என்று அண்ணி ரொம்ப நாள் சந்தேகப்பட்டாள். சத்தியமாக நான் இல்லை. எனக்குத் தோன்றியிருந்தால் இதைவிட மோசமாக ஒன்று வைத்திருப்பேன். நாத்தனார் என்கிற பதவிக்கு ஒரு மரியாதை இருக்கிறது இல்லையா?

கீழ் வீட்டில் அண்ணனும் அண்ணியும். மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். நாங்கள் மூன்று பேரும் ஒரே பம்ப் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறோம். அண்ணன் ஃபவுண்டரியில், அண்ணி அளவறையில், நான் பெட்டி கட்டி லாரியில் ஏற்றி அனுப்புகிற டெஸ்பாட்சில். என் வீட்டுக்காரர் மட்டும் தபால் ஆபீஸ். பம்ப் என்றால் தண்ணீர் வரும் என்பதோடு அவருடைய ஞானம் முடிந்துவிடும். அந்த வகையில் நிம்மதியான மனிதர்.

அண்ணியின் அளவறைக்கு இரண்டு கதவு. முதல் கதவைத் திறந்து உள்ளே போய், அது சாத்திக்கொண்ட பிறகுதான் இரண்டாவதைத் திறக்கலாம். நடுவில் செருப்பைக் கழற்றி, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே எப்போதும் ஒரே குளிர். வெளியே எல்லோரும் சட்டை நனைந்து நிற்கிற மாதத்திலும் அண்ணி ஸ்வெட்டரோடுதான் இருப்பாள். வெயிலிலிருந்து வந்த இரும்பைக்கூட உடனே தொட மாட்டாள். அது அறையின் குளிருக்கு இறங்கி வரும்வரை ஓரமாக உட்கார வைத்துவிடுவாள். சூட்டில் இரும்பு உப்பும், உப்பின இரும்பு பொய் சொல்லும் என்பாள்.

நடுவில் கறுப்புக் கிரானைட் மேஜை. அதன்மேல் சி.எம்.எம். என்கிற அளவெடுக்கும் மெஷினின் கை நகரும். கையின் நுனியில் மெல்லிய கம்பி, கம்பியின் முனையில் சிவப்பாக ஒரு ரூபி மணி. அந்த மணி இரும்பைத் தொட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம். தொட்ட இடம் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். நாள் முழுவதும் டிக், டிக். நான் அங்கே அரை மணி நேரம் இருந்தால் தூங்கிவிடுவேன். அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

மெஷின் தொடுவதற்கு முன்னால் அவள் ஒருமுறை தொடுவாள். பீஸின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்ப்பாள். கையுறை போட்டால் ஒன்றும் தெரியாதாம். வார்த்து அப்படியே வருகிற இரும்பின் ஓரமெல்லாம் பிசிறு, முள் முள்ளாக. அதனால் அண்ணியின் விரல்களில் எப்போதும் இரண்டு மூன்று பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். சோறு பிசையும்போது பிளாஸ்டர் படாமல் பிசைகிற ஒரு வித்தையைக் கற்று வைத்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் அவள் செய்கிற வேலை என்ன என்று ஒருநாள் சமையலறையில் கேட்டேன். அண்ணி கூடையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இதுக்கு மேல் பக்கம் எது, கீழ் பக்கம் எது?"

"உருளைக்கிழங்குக்கு ஏது அண்ணி மேலும் கீழும்?"

"அதேதான். பெட்டி மாதிரி இருந்தா எந்தப் பக்கமும் வச்சு அளந்திடலாம். இது கோணல் மாணலா இருக்கு. எங்கிருந்து அளக்க ஆரம்பிக்கிறது? அதுக்குத்தான் முதல்ல ஆறு இடம் முடிவு பண்ணுவாங்க. அதுக்குப் பேரு டேட்டம்."

மூன்று விரல்களை விரித்து அதன்மேல் கிழங்கை உட்கார வைத்தாள். "மூணு இடத்துல உட்கார்ந்தா ஆடாது. ஆனா சுத்தும்." இன்னொரு கையின் இரண்டு விரல்களைப் பக்கவாட்டில் அண்டக் கொடுத்தாள். "இப்ப சுத்தாது. ஆனா முன்னும் பின்னும் நகரும்." என் ஒரு விரலைப் பிடித்துக் கிழங்கின் நுனியில் வைத்தாள். "இப்ப எங்கேயும் போக முடியாது. மூணு, ரெண்டு, ஒண்ணு. மாட்டிக்கிச்சு. இனிமே இதுல எந்த இடத்தை வேணும்னாலும் அளக்கலாம்."

"இந்த ஆறு இடத்துல ஒண்ணு தப்பாப் போயிட்டா?"

"எல்லாமே தப்பாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அந்த உருளைக்கிழங்கின் தோலைச் சீவ ஆரம்பித்தாள். எனக்கு அன்றைக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அண்ணன் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபவுண்டரியில் இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றுவார்கள். அந்த மணலில் பள்ளம் பதிப்பதற்கு முதலில் மரத்தில் ஒரு மாதிரி செய்ய வேண்டும். பேட்டர்ன் என்பார்கள். மரம் சரியாக இருந்தால் மணல் சரியாக இருக்கும், மணல் சரியாக இருந்தால் இரும்பு சரியாக இருக்கும். அண்ணன் பேட்டர்ன் ஷாப்புக்கு வருவதற்கு முன்னால் பல வருஷம் ஃபெட்லிங் கொட்டகையில் இருந்தவன். வார்த்த இரும்பில் பிசிறு தேய்க்கிற இடம் அது. நாள் முழுக்கக் கிரைண்டர் தூசி. அங்கிருந்து அவன் கொண்டுவந்த சொத்து ஒரு இருமல். மரத்தூள் அவனுக்கு மருந்து மாதிரி, இருமல் பாதி குறைந்தது. டாக்டர், இனிமேல் அந்தக் கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்று சொல்லியிருந்தார்.

இப்படி ஒருவர் செய்ய, ஒருவர் அளக்க, கல்யாணம் பேசும்போதே அண்ணி ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டுக்குள் ஃபேக்டரி பேச்சே கூடாது. "இவர் செஞ்சதை நான் அளக்கணும். வீட்டுல பேசினா, நாளைக்கு நான் பாஸ் போட்டாலும் பேச்சு வரும், ஃபெயில் போட்டாலும் பேச்சு வரும்" என்றாள். அண்ணன் சிரித்துக்கொண்டே சரி என்றான். கட்டிக்கொள்ளப் போகிற சந்தோஷத்தில் அவன் எதற்கும் சரி என்றிருப்பான். ஆனால் அந்தச் சட்டத்தை இரண்டு பேரும் கடைப்பிடித்தார்கள். அண்ணன் ஓயாமல் பேசுகிறவன். சினிமா, பக்கத்து வீட்டு நாய், பஸ்ஸில் பார்த்த சண்டை, எதையாவது பேசிக்கொண்டே சாப்பிடுவான். பம்ப் என்ற சொல் மட்டும் வாயில் வராது.

பேட்டர்ன் ஷாப்பின் தலைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த இடத்தில் அண்ணனை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த சூட்டோடு ஒரு புது ஆர்டர் வந்தது. பார்ப்பதற்கு நத்தைக் கூடு மாதிரி ஒரு பம்ப் உடல். எந்தப் பக்கம் திருப்பினாலும் வளைவுதான், தட்டையாக ஒரு அங்குலம் கிடையாது. அடியில் மூன்று குட்டைக் கால், முன்னால் குழாய் பொருத்துகிற ஒரு வாய். அண்ணன் அந்தப் பேட்டர்னை மாதக்கணக்கில் செதுக்கினான். மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் மரத்தூள் ஒட்டியிருக்கும். அண்ணி துண்டை நீட்டுவாள். எதற்கு, என்ன என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்.

முதல் பீஸ் அளவில் தேறினால் ஆர்டர் எங்களுக்கு. தேறாவிட்டால் பேட்டர்னை உடைத்துவிட்டு வேலையை வெளியே ஒரு பட்டறையில் கொடுத்துவிடுவார்கள். அண்ணன் திரும்பவும் ஃபெட்லிங் கொட்டகைக்குப் போக வேண்டும். இதை மேனேஜர் மூடி மறைக்காமல் அவனிடமே சொல்லியிருந்தார். அண்ணன் இதை என்னிடம் மாடிப்படியில் நின்று சொன்னான். மாடிப்படி வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று நாங்கள் யாரும் முடிவு பண்ணியிருக்கவில்லை.

முதல் பீஸ் அளவறைக்குப் போன அன்று, அனுப்ப வேண்டிய வேறு சரக்குக்குக் கையெழுத்து வாங்க நான் அங்கே போயிருந்தேன். கிரானைட் மேஜையில் அந்த நத்தை உட்கார்ந்திருந்தது. மேனேஜர் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் செத்துப் போயிருந்தது.

"ஃபெயில் சார்" என்றாள் அண்ணி.

"நல்லாப் பாத்தியாம்மா?"

"மூணு கால்ல உட்கார வச்சா வாய் சாயுது. குழாய் வந்து பொருந்தாது."

எங்கள் மேனேஜர் நல்ல மனிதர். எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர். அவரால் வருகிற தொல்லை எல்லாம் அதனால்தான் வரும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெஸ்ட் ஃபிட் போட்டுப் பாரேன்" என்றார். அது வேறொரு வழி. அந்த ஆறு இடங்களை மறந்துவிட்டு, பீஸை ஸ்கிரீனுக்குள் அந்தரத்தில் இப்படியும் அப்படியும் திருப்பி, வரைபடத்தோடு எந்த நிலையில் ஒட்டுமொத்தமாக அதிகம் பொருந்துகிறதோ அங்கே கம்ப்யூட்டர் நிறுத்திக்கொள்ளும். தப்பு எங்கே இருந்தாலும் அதை எடுத்து எல்லா இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுவிடும். பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும்.

"பம்ப் அந்தரத்துல நிக்கப் போறதில்லையே சார்" என்றாள் அண்ணி. "இந்தக் கால்லதான் உட்காரப் போகுது."

"உன் வீட்டுக்காரர் வேலைம்மா இது."

"அதனாலதான் சார்."

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு என் தாளை வாங்கி அதிலும் கையெழுத்துப் போட்டாள்.  நான் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து கீழ் வீடு சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். அவன் அப்படியும் இல்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டான். நன்றாகச் சாத்திக்கொண்டிருந்த கதவின் கீலைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினான். மறுநாள் அதையே திரும்பக் கழற்றினான். என்ன தப்பு, எங்கே தப்பு என்று பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டம் சட்டம்தானே! பேட்டர்னை உடைக்க வாரக் கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். ராத்திரியில் அவன் இருமுவது மாடிக்குக் கேட்டது. கொட்டகைக்கு இன்னும் போகவே இல்லை, அதற்குள் இருமல் வந்துவிட்டது.

எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். மூன்றாம் நாள் மாலை கீழே இறங்கினேன். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்."

"ஃபேக்டரி விஷயம்னா வேண்டாம்."

"ஃபேக்டரி விஷயந்தான். போன மாசம் வெளியிலேர்ந்து ஒரு வால்வு வந்துச்சே, ஃபெயில் ஆச்சே, அதுக்கு நீங்க என்ன பண்ணீங்க? மத்தியானம் சாப்பிடக்கூட வராம அதைப் போட்டு உருட்டி, எங்க தப்பு, ஏன் தப்புன்னு கண்டுபிடிச்சு, அவங்களுக்குப் படம் வரைஞ்சு குடுத்தீங்க. முகம் தெரியாத ஆளுக்கு அவ்வளவு. கட்டின புருஷனுக்கு ஒத்தை வார்த்தை. ஃபெயில். ஏன் ஃபெயிலுன்னு பாத்தீங்களா?"

அண்ணி இன்னொரு பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள். நானே பதில் சொன்னேன்.

"பாக்கல. ஏன் பாக்கல? கூட ஒரு நிமிஷம் பாத்தா, புருஷனுக்காகப் பாக்குறான்னு நாலு பேரு சொல்லிடுவாங்க. அந்தப் பயம். பயத்துக்குப் போயி நேர்மைன்னு பேர் வைக்காதீங்க அண்ணி."

சொல்லிவிட்டு எனக்கே திக்கென்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. அண்ணி சோப்புத் தண்ணீருக்குள் கையை வைத்தபடியே நின்றாள். விரலில் பிளாஸ்டர் நனைந்து உரிந்து தொங்கியது. எரிந்திருக்கும். கையை எடுக்கவில்லை. நான் மெதுவாக மாடி ஏறிவிட்டேன்.

காலையில் நான் கிளம்பும்போது அண்ணி எனக்கு முன்னால் வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"வா. இன்னொரு தரம் பாக்கணும். சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

நாத்தனாரைச் சாட்சிக்குக் கூப்பிட்ட பெண் உலகத்தில் என் அண்ணி ஒருத்தியாகத்தான் இருப்பாள். நான் கூட நடந்தேன். வழியெல்லாம் இரண்டு பேரும் எங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டு போனோம்.

அளவறையில் யாரும் வந்திருக்கவில்லை. நத்தை ஓரத்தில் சிவப்புச் சீட்டோடு கிடந்தது. அண்ணி ஸ்கிரீனைப் போட்டு, தான் எடுத்த அளவுகளையெல்லாம் வரிசையாகப் பார்த்தாள். திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"இங்க பாரு. வாய் இந்தப் பக்கம் சாயுது. கழுத்தும் இந்தப் பக்கம். முதுகும் அதே பக்கம்."

"எல்லாமே தப்பா?"

"எல்லாமே ஒரே பக்கம் தப்பு. பேட்டர்ன்ல கோளாறுன்னா ஒரு இடம் கெட்டிருக்கும், மத்த இடம் நல்லா இருக்கும். மொத்தமும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ஞ்சா, பீஸு கோணல் இல்ல. உட்கார்ந்திருக்கிறது கோணல். இது ரிப்போர்ட் போட்ட அன்னிக்கே என் கண்ணுல பட்டிருக்கணும்."

பிறகு அவள் செய்த காரியத்தைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேனேஜர் சொன்ன அந்தப் பெஸ்ட் ஃபிட்டையே போட்டாள்.

"அண்ணி, இதைத்தானே முடியாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னீங்க?"

"இதை வச்சு ரிப்போர்ட் போட முடியாதுன்னேன். பாக்க மாட்டேன்னு சொல்லல."

ஸ்கிரீனில் நத்தை முழுவதும் பச்சையாக மாறியது. வாய், கழுத்து, முதுகு, எல்லாம் பச்சை. அடியில் மூன்று கால்களில் ஒன்று மட்டும் சிவப்பு. அண்ணியும் நானும் சேர்ந்து பீஸைப் புரட்டினோம். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு மூன்று கால்களையும் தடவினாள். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள். இரண்டு கால் மணல் மாதிரி சொரசொரப்பு. மூன்றாவது வழவழவென்று இருந்தது.

"கிரைண்டர் போட்டுத் தேய்ச்சிருக்காங்க" என்றாள். "உட்கார்ற இடத்தைப் போய்த் தேய்ச்சிருக்காங்க. ஒரு கால் தேய்ஞ்சு குட்டையாயிடுச்சு. பீஸு நொண்டுது. இங்க அரை மில்லிமீட்டர் குறைஞ்சா அங்க வாய்கிட்ட எவ்வளவு சாயும் தெரியுமா?"

எனக்கு இரத்தம் கொதித்தது. ஃபெட்லிங் கொட்டகைக்காரன் எவனோ அண்ணன் மேல் உள்ள பொறாமையில் செய்த வேலை என்றே நினைத்தேன். போனை எடுத்து ஃபவுண்டரியைக் கூப்பிட்டு, இந்தப் பீஸைத் தேய்த்தவன் யாராக இருந்தாலும் உடனே அளவறைக்கு வரச் சொல்லு என்று கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் முதல் கதவு திறந்து சாத்தியது. இரண்டாவது கதவில் அண்ணன் நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைக் கோட்டு முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது. சாக்ஸில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. குளிரில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, டாக்டர் அறைக்குள் வந்தவன் மாதிரி எதையும் தொடாமல் நின்றான்.

"உன்னை யாரு கூப்பிட்டது? தேய்ச்சவனைத்தானே வரச் சொன்னேன்" என்றேன்.

"நான்தான் தேய்ச்சேன்" என்றான் அண்ணன்.

அண்ணி குட்டையான காலை விரலால் காட்டினாள்.

"கொட்டகையில அடியிலேயும் ஓரத்துலேயும் பிசிறு எடுக்காம அனுப்பப் பாத்தாங்க. அடியில ஒரு கால் ஓரத்துல, இரும்பு ஊத்துற வழி ஒட்டிக்கிட்டிருந்த இடம் வேற, முள்ளு மாதிரி நின்னுச்சு." அவன் என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்து, அண்ணியிடம் திரும்பினான். "நீ கையுறை போட மாட்டே. எந்தப் பீஸு வந்தாலும் முதல்ல தடவிப் பாப்பேன்னு எல்லாரும் சொல்றாங்க. தினம் பிளாஸ்டரோட சோறு பிசையறதைப் பாக்குறேன். என் பேட்டர்ன்ல வந்த முதல் பீஸு. அதுவும் உன் கையைக் கிழிக்கணுமான்னு தோணுச்சு. நானே கிரைண்டரை எடுத்து அந்த முள்ளை வழவழன்னு தேய்ச்சேன். ஓரமெல்லாம் அரம் போட்டு அனுப்பினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுதால் சத்தமாக அழுவேன். இரட்டைக் கதவு இருந்ததால் வெளியே கேட்கவில்லை.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அங்கதாங்க நான் தொடுவேன்" என்றாள். "அந்த இடத்துலேருந்துதாங்க அளக்க ஆரம்பிப்பேன். அதை மட்டும் வார்த்தது வார்த்தபடி விடணும்."

"எனக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குக் குடுத்த படத்துல அப்படி ஒண்ணும் குறிக்கலையே."

"எனக்கு வந்த படத்துல இருந்துச்சு." என்றாள் அண்ணி. "நான்தான் உங்ககிட்ட சொல்லல. வீட்டுலயும் சொல்லல, இங்கயும் சொல்லல. பேச்சு வந்துடுமோன்னு பயந்துகிட்டே இருந்தேன். வேற யார் பீஸா இருந்தாலும் மூணு தரம் பாத்திருப்பேன். உங்க பீஸுன்னு ஒரு தரத்தோட விட்டுட்டேங்க."

  அண்ணன் அவள் பக்கத்தில் போய் நின்று, "வேற எங்கெல்லாம் தொடுவே? காட்டு" என்றான்.

அண்ணி அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு இடமாக வைத்துக் காட்டினாள். அடியில் மூன்று. பக்கத்தில் இரண்டு. நுனியில் ஒன்று. அவன் ஒவ்வொன்றிலும் விரலை அழுத்தி மனத்தில் வாங்கிக்கொண்டான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சாட்சிக்கு வந்தவள்தான், அதற்காக எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று இல்லை.

மேனேஜர் வந்ததும் அண்ணி அவர் முன்னால் நிமிர்ந்து நின்றாள். "முதல் ரிப்போர்ட் சரிதான் சார், அந்தப் பீஸு ஃபெயில்தான். அதை மாத்த மாட்டேன். ஆனா ஏன்னு பாக்காம பாதியில நிறுத்தினது என் தப்பு. பேட்டர்ன்ல கோளாறு இருக்கிற மாதிரி தெரியல. ஃபவுண்டரியில தேய்க்காத பீஸு இன்னொண்ணு கிடக்குதாம். அதை வச்சுப் பாக்கணும்."

"அதுவும் ஃபெயில் ஆச்சுன்னா?"

"ஃபெயில்னுதான் எழுதுவேன்" என்றாள். அண்ணன் தலையை ஆட்டினான்.

அந்த இரண்டாவது பீஸைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். உலையிலிருந்து நேராக வந்தது மாதிரி, கறுப்பாக, முள்ளோடு இருந்தது. அண்ணி, இரும்பு ஊற்றிய வழியில் நின்ற முள்ளை மட்டும், காலைத் தொடாமல், அண்ணனையே கை அரத்தால் எடுக்கச் சொன்னாள். பிறகு அது குளிர வேண்டும். மேனேஜர் உள்ளேயும் வெளியேயும் நடந்தார். அவர் போகும்போதும் வரும்போதும் அறையின் குளிர் கலைந்துவிடுகிறது என்று அண்ணி அவரை வெளியே அனுப்பிவிட்டாள். அண்ணன் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் வாங்கிக் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். ஆடை படிந்துவிட்டது.

பீஸ் தயாரானதும் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். அண்ணி உள்ளங்கையை வைத்து அதைத் தலையிலிருந்து கால்வரை தடவினாள். ஓரிடத்தில் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். கிழித்திருக்கிறது. அண்ணன் பக்கத்தில் பல்லைக் கடித்தான். அண்ணி விரலைத் துடைத்துவிட்டு மெஷினை நகர்த்தினாள். சிவப்பு மணி கீழே இறங்கி ஒவ்வொரு இடமாகத் தொட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அந்த டிக் கேட்காது. ஆனாலும் எனக்கு ஒவ்வொன்றும் நெஞ்சில் கேட்டது. வாய்க்கு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அண்ணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைச் சொன்னாலும் இந்தப் பக்கம் கேட்காது. கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மேனேஜர் அண்ணன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். அண்ணன் அந்த ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

பேட்டர்னை உடைக்கவில்லை. அண்ணன் பேட்டர்ன் ஷாப்பிலேயே இருக்கிறான். கெட்டுப்போனது எங்கள் வீட்டு அமைதிதான். இப்போது கீழ் வீட்டில் காலையில் பம்ப், இரவில் பம்ப். உப்புப் போட்டாயா என்று கேட்பதற்கு நடுவில்கூட டேட்டம் வருகிறது. என் வீட்டுக்காரர் அவர்களோடு சாப்பிட உட்காரவே பயப்படுகிறார். அந்தப் பழைய சட்டம் எவ்வளவு நல்ல சட்டம் என்று என்னிடம் புலம்புகிறார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

போன வாரம் அந்த ஆர்டரின் முதல் லோடு என் டெஸ்பாட்சுக்கு வந்தது. வரிசையாக நத்தைகள். அண்ணி கடைசியாக ஒரு பார்வை பார்க்க வந்திருந்தாள். அவள் விரல்களில் ஒரு பிளாஸ்டர்கூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"என்ன அண்ணி, கடைசியில கையுறை போட ஆரம்பிச்சிட்டீங்களா?"

"கண்ணை மூடிக்கிட்டு இதைத் தடவிப் பாரு" என்றாள்.

பயந்துகொண்டே கையை வைத்தேன். முள் இல்லை, பிசிறு இல்லை. ஓரமெல்லாம் யாரோ உட்கார்ந்து பொறுமையாக அரம் போட்டிருந்தார்கள். யாரென்று கேட்க வேண்டியதில்லை. கை வழுக்கிக்கொண்டு போனது. அடியில் ஒரு இடத்தில் விரல் நின்றது, மணல் மாதிரி சொரசொரப்பு. பிறகு வழவழ. பிறகு இன்னொரு சொரசொரப்பு. வார்த்தது வார்த்தபடி, யாரும் தொடாமல் விட்டுவைத்த இடங்கள். அடியில் மூன்று, பக்கத்தில் இரண்டு. நுனியில் இருக்கும் ஆறாவதைத் தேடிக்கொண்டு போனேன். அங்கே ஏற்கனவே அண்ணியின் கை இருந்தது.